பூண்டுக்கு சொட்டுநீர் டிரிப்பும் பிளாஸ்டிக் மூடாக்கு ஷீட்டும் போட்டவங்க கொஞ்சம் கேளுங்க

மறுபடியும் அதே மாதிரி பூண்டு. கழுத்து தடிச்சு, பக்கத்துல இருந்து பச்சையா முளை கிளம்பி நிக்குது, குறுக்க வெட்டிப் பார்த்தா பல்லு ஒழுங்கா கட்டாம கண்டபடி பிரிஞ்சு கிடக்கு. கொண்டு வந்தவர் கேக்குறார், "சத்து பத்தலையா சார், இன்னும் கொஞ்சம் யூரியா விடவா?" இந்த சீசன் பூரா இதுக்கே பதில் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் எழுதி வச்சுடுறேன்.

சத்து பத்தாம இல்லைங்க, மிஞ்சிப்போச்சு. தழைச்சத்து, அதாவது யூரியாவுல இருக்கற நைட்ரஜன், கடைசி வரைக்கும் போய்க்கிட்டே இருந்தா பூண்டு இப்படித்தான் பண்ணும், இருப்பு வச்சாலும் நிக்காது.

வாய்க்கால்ல பாய்ச்சும்போது போட்ட யூரியாவுல ஒரு பங்கு தண்ணியோட வேருக்குக் கீழ இறங்கிடும், பழக்கத்துல இருக்கற அளவு அந்த நஷ்டத்தையும் சேர்த்துதான். டிரிப் போட்டு மண்ணு மேல ஷீட்டும் மூடிட்டா மழைத்தண்ணி நேரா இறங்கி அடிச்சுட்டுப் போறது குறைஞ்சுடும், அடியில ஈரமும் சூடும் நிக்கறதால தொழுவுரத்துல இருக்கற சத்தும் சீக்கிரமா வெளிய வரும். ஆனா நம்மாளுங்க நடுறதுக்கு முன்னாடி போடற அடியுரத்தைப் பழையபடி முழுசா கொட்டிட்டு அதுக்கு மேல வாராவாரம் டிரிப்லயும் விடுறாங்க. கேட்டா "ஷீட் சத்தைத் தின்னுடும்ல சார்"ங்கறாங்க. யாருங்க சொன்னா? அது பிளாஸ்டிக். எதையும் தின்னாது, எதையும் குடுக்கவும் குடுக்காது. வைக்கோல் கதை வேற, அதை மண்ணுல கலந்து உழுதா கொஞ்ச நாளைக்கு நுண்ணுயிரிங்க தழைச்சத்தை இழுத்து வச்சுக்கும், மேலாக்கப் பரப்பி விட்டா அந்தத் தொந்தரவு ரொம்பக் கம்மி, அதுல இருக்கற சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தண்ணி படப்பட மண்ணுக்கு இறங்கும். வைக்கோலுக்குச் சொன்னதை ஷீட்டுக்கு மாட்டி விட்டது எந்தப் புண்ணியவானோ தெரியல.

டிரிப்ல விடப்போற தழைச்சத்தை மொத்தக் கணக்குல இருந்து கழிச்சுட்டு மீதியை மட்டும் அடியுரமா போடுங்க. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணுல அதிகம் நகராது, அதைப் பெரும்பாலும் அடியிலயே குடுத்துடலாம். பூண்டு புடைக்க ஆரம்பிச்சதும் தழைச்சத்தை நிறுத்திடணும். "யூரியாவை நிறுத்திட்டேன் சார்"னு சொல்லிட்டு 13-0-45 உரத்தை விட்டுக்கிட்டு இருப்பாங்க. மூட்டையில போட்டிருக்கற மூணு நம்பரும் வரிசையா தழை, மணி, சாம்பல் சத்தோட சதவீதம், அந்த 13 என்னன்னு மூட்டையைப் பார்க்க மாட்டாங்களா? அந்த நேரத்துக்கு 0-0-50 போதும், அதுல தழைச்சத்தே கிடையாது, கூடவே 17 சதவீதத்துக்கு மேல கந்தகம் இருக்கு, பூண்டோட காரத்துக்கு அதுதானே வேணும். ஆனா அதைக் கால்சியம் நைட்ரேட்டோட ஒரே டேங்க்ல கலக்காதீங்க, ஜிப்சமா படிஞ்சு டிரிப்பர் பூரா அடைச்சுக்கும்.

இன்னொண்ணு, மோட்டார் போட்ட உடனே உரத்தை விட்டுட்டு அப்புறம் மணிக்கணக்கா தண்ணி ஓட விடாதீங்க. பூண்டு வேர் பெரும்பாலும் ஒரு அடிக்குள்ளதான் இருக்கு, உரம் அதைத் தாண்டிப் போயிடும். முதல்ல வெறும் தண்ணி, அப்புறம் உரம், கடைசில லைன் கழுவற அளவுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி.

தயவுசெஞ்சு மண்ணு டெஸ்ட் பண்ணிட்டு உரம் வாங்குங்க. அடுத்த பயிருக்கு மண்ணு எடுக்கும்போது டிரிப்பருக்கு நேர் கீழ மட்டும் எடுக்காதீங்க, உப்பு ஈர வட்டத்தோட ஓரத்துலதான் சேர்ந்து நிக்கும். ரெண்டு எடத்துலயும் எடுத்து தனித்தனி கவர்ல போட்டு எது எந்த எடம்னு எழுதிக் குடுங்க, ஒண்ணுமே எழுதாத கவரை வச்சு நான் என்ன ஜோசியமா பாக்குறது?