பராமரிக்க ஆள் தேவைப்படும் அமெரிக்க முன்னாள் படைவீரருக்கு மேலதிகக் கொடுப்பனவு

அமெரிக்கப் படையில் சேவை செய்துவிட்டு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வந்து குடியிருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இது உதவும். சேவையில் பட்ட காயத்துக்கும் நோய்க்கும் அந்நாட்டு முன்னாள் படைவீரர் திணைக்களம் கொடுக்கும் மாதாந்த இழப்பீடு, ஆள் கொழும்பில் இருந்தாலும் வரும். அந்தப் பாதிப்பு முற்றி, இன்னொருவர் உதவியில்லாமல் அன்றாடக் காரியம் நடக்காது என்றானால், அதற்கு மேலும் கேட்கலாம். விசேட மாதாந்த இழப்பீடு என்பது அதுதான். அதற்கு அமெரிக்காவில் வரி கிடையாது.

தானாக உடுத்த, குளிக்க, சாப்பிட, மலசலகூடம் போக முடியாமை போன்றவற்றைப் பார்ப்பார்கள். எல்லாமே இருக்க வேண்டியதில்லை. 24 மணி நேரமும் ஆள் தேவைப்பட வேண்டும் என்றும் இல்லை. மனப் பாதிப்பும் கணக்கில் வரும். காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறப்பவர், காலி வீதியில் வாகனம் பாராமல் இறங்குபவர் என்றால், ஆபத்திலிருந்து காக்க ஒருவர் கூடவே வேண்டும்தானே? அதுவும் காரணம்தான். சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். மனைவியோ மகளோ பார்த்துக்கொள்வதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

இன்னொருவர் உதவி தேவை என்பதைக் காட்டும் 21-2680 என்ற படிவத்தை டொக்டர் நிரப்ப வேண்டும். என்னைக் கேட்டால் காரியம் தங்கியிருப்பது இங்கேதான். அவசரத்தில் நோயின் பெயரை மட்டும் எழுதி ஒப்பம் வைத்தால் போதாது. "பொத்தான் பூட்ட முடியாது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை நடுங்குகிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்று வர வேண்டும். போகுமுன் வீட்டில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று, இந்த இயலாமை சேவையோடு தொடர்புள்ளதென்று ஏற்கப்பட்ட பாதிப்பால் வந்ததாக இருக்க வேண்டும். வயதால் வந்த மூட்டுவலி மட்டும் என்றால் இந்தக் கொடுப்பனவு கிடைக்காது.

ஆவணம் சேர்க்க நாளாகும் என்றால், விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் கொடுத்து வையுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பமும் போனால், பணத்தை அந்த முதல் திகதியிலிருந்தே கணக்கிட வாய்ப்புண்டு.

அப்புறம், முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்க யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்நாட்டுச் சட்டப்படி அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுத்துக் கடிதம் வந்தால், அதிலுள்ள திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மீளாய்வு கேட்கலாம்.