ஸ்கோப் ரிங்: பூண் என்பதே சரி

துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பை (குறிபார்க்க உதவும் தொலைநோக்கியை) பிடித்து நிறுத்தும் இரண்டு உலோகப் பிடிகள்தான் ஸ்கோப் ரிங். இதை 'வளையம்' என்று தமிழாக்குவது பொருந்தவில்லை. வளையம் தொங்கலாம், சுழலலாம். இது ஸ்கோப்பின் குழலைச் சுற்றி இறுகக் கவ்வியாக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் உலக்கை நுனியில் இருக்கும் இரும்புப் பூணைப் பார்த்தவர்களுக்கு இதற்கான சொல் உடனே பிடிபடும். பூணுதல் என்றால் அணிதல். சங்கப் பாடல்களில் பூண் என்பது அணிகலன். மரத்தோடு ஒன்றாக இறுகிய உலோகப் பட்டையையும் அதே சொல்லால் குறித்தார்கள்.

ஸ்கோப்பின் வேர் கிரேக்க 'ஸ்கோபோஸ்'. நோட்டம் பார்ப்பவன், இலக்கு என இரு பொருளும் அதற்கு உண்டு. 'குறிநோக்கி' இரண்டையும் தாங்கும். துப்பாக்கியின் மேல் ரிங்கைத் தாங்கும் அடித்தளமான பேஸ் என்பதும் கிரேக்கம்தான். 'பாசிஸ்' என்றால் காலடி, நிற்கும் இடம். பீடம் என்றால் போதும்.

பூண் வாங்கும்போது முதலில் குழலின் விட்டம். 1 இன்ச் (25.4 மி.மீ.), 30 மி.மீ. இரண்டும் பரவலானவை. 30 மி.மீ. பூணுக்குள் காகிதம் சுற்றி 1 இன்ச் குழலைத் திணித்தால் ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் விழுந்து குழல் நசுங்கும்.

அடுத்து பீடம். வேட்டை ரைஃபிள்களில் வீவர், பிகாட்டினி என இரு வகை அதிகம். இரண்டாவது, அமெரிக்காவின் நியூஜெர்சியிலுள்ள பிகாட்டினி ராணுவ ஆயுதசாலையின் பெயர். 1995-இல் ராணுவத் தரமானது. அதில் பூணின் அடியிலுள்ள குறுக்குத்தண்டு இறங்கும் குறுக்குவெட்டுப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் சுமார் 10 மி.மீ. வீவரில் பள்ளம் 4.57 மி.மீ. மட்டுமே, இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. ஆகவே வீவர் பூண் பிகாட்டினி பீடத்தில் பெரும்பாலும் உட்காரும். பிகாட்டினி பூணின் குறுக்குத்தண்டு வீவர் பள்ளத்தில் இறங்காது. வாங்குமுன் இதைப் பார்க்காமல் விடுவதில்தான் பணம் வீணாகிறது.

உயரக் கணக்கு: முன்லென்ஸ் கூட்டின் வெளிவிட்டத்தில் பாதி, அதோடு 3 மி.மீ. இடைவெளி, அதிலிருந்து துப்பாக்கிக் குழலுக்கு மேலே பீடம் எழும்பி நிற்கும் உயரத்தைக் கழிக்கவும். 40 மி.மீ. லென்ஸின் கூடு வெளியே 48 மி.மீ. என்றால் 24 + 3 = 27; பீடம் 8 எழும்பினால் பூண் 19 மி.மீ. இது பீடத்தின் மேல்முகத்திலிருந்து குறிநோக்கியின் நடுக்கோடு வரை. சில தயாரிப்பாளர்கள் குழலின் அடிப்பக்கம் வரை மட்டும் அளந்து எழுதுவார்கள். 1 இன்ச் குழலில் அது 12.7 மி.மீ. வித்தியாசம். பெட்டியில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது திருகுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. குறுக்குத்தண்டைப் பள்ளத்தின் முன்சுவரோடு தள்ளி வைத்து இறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். தள்ளாமல் விட்டால் குறிநோக்கி முன்னே நகர்ந்து குறி மாறிவிடும். பூணின் மேல்மூடித் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக, இருபுற இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். தயாரிப்பாளர் அளவு தராவிட்டால் 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பக்கம் வேட்டைக்கு இடமில்லை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இந்தச் சொற்கள் தேவைப்படுவது இலக்குச் சுடுதலுக்கான 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்குத்தான். அதில் குறுக்குவெட்டுப் பள்ளமில்லாத 11 மி.மீ. டவ்டெயில் தவாளிப்பு இருக்கும். 'புறாவால் தவாளிப்பு' என்னலாம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முதலில் பின்னே அசைந்து, பிஸ்டன் முட்டியதும் சட்டென்று முன்னே தாவும். அந்தத் தாவலில் குறிநோக்கி பின்பக்கம் சறுக்கும். தடுப்புக் குச்சி உள்ள பூணாகப் பார்த்து வாங்கி, அந்தக் குச்சியைத் துப்பாக்கியின் உடல்மேல் இருக்கும் துளையில் இறக்கிய பிறகே திருகை முடுக்க வேண்டும்.