டச்சு ஓவியத்து விவசாயி ஏன் வேலையே செய்வதில்லை?

கலை வரலாறு சொல்லித்தருவது என் தொழில். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களை வகுப்பில் திரையில் போட்டதும் யாராவது ஒருவர், "அந்தக் காலத்துக் கிராமம் போட்டோ எடுத்த மாதிரி இருக்கே" என்பார். வாட்ஸப்பில் சுற்றும் படங்களுக்குக் கீழேயும் இதே விளக்கம்தான். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள்.

ஆட்ரியன் வான் ஓஸ்டாடே 1630களில் வரைந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக் குடிசை, புகைக்குழாய், பீர்க் குவளை, அடிதடி. குள்ளமான உடம்பும் பிளந்த வாயுமாக மனிதர்கள். உழவோ அறுப்போ மருந்துக்கும் கிடையாது. அவர் ஹார்லெம் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், நெசவாளியின் மகன். ஹாலந்து மாகாணத்தில் அப்போதே பாதிக்கு மேற்பட்ட மக்கள் நகரங்களில்தான் இருந்தார்கள், அங்கிருந்த வியாபாரிகளும் கைவினைஞர்களும் சுவரில் மாட்டுவதற்கு வாங்கிய சரக்கு இது. "நாம் இவர்களைப் போல இல்லை" என்ற நிம்மதியையும் படத்தோடு சேர்த்துத்தான் அவர்கள் வாங்கினார்கள் என்பது என் கருத்து. 1650களுக்கு அப்புறம் அதே ஓஸ்டாடேயின் விவசாயிகள் அமைதியாகிவிடுகிறார்கள், குழந்தையைக் கொஞ்சுகிறார்கள், வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது. கிராமத்தான் இருபது வருடத்தில் திருந்திவிட்டான் என்றா சொல்வீர்கள்? மாறியது பெரும்பாலும் வாங்குகிறவர் ரசனைதான்.

சரி, உண்மையான உழைப்பு எங்கே நடந்தது? ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் பணம் போட, நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகள் நீரை இறைக்க, பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரி 1612இல் வயலாகியது. கால்வாய் வெட்டியது கூலிக்காரர்கள். ஈரச் சதுப்பிலிருந்து கரிமண்ணைத் தோண்டி, காயவைத்து, அடுப்புக்கும் பீர் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் எரிபொருளாக அனுப்பியவர்களும் கூலிகள்தான். புல் அறுக்கும் பருவம் வந்தால் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பக்கத்திலிருந்து அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நாட்டையே தாங்கிய இந்த உழைப்பு அந்தக் கால ஓவியங்களில் அபூர்வமாகவே தென்படுகிறது. சந்தையும் சாராயக்கடையும்தான் விற்றன.

வாங்கியவர்கள் படத்திலும் கைவைத்தார்கள். ஆட்ரியனின் தம்பி ஐசக் 1643இல் வரைந்த கிராமச் சந்தைப் படம் ஒன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. அதன் முன்பக்க ஓரத்தில் ஒரு ஆள் குந்தி மலம் கழித்துக்கொண்டிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ அவர் மேல் ஒரு புதரைத் தீட்டி மறைத்துவிட்டார்கள். 2015இல் படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் அந்த ஆள் மறுபடி வெளியே வந்தார். ஆக, கிராமத்தான் எந்த அளவுக்கு அசிங்கமாக இருக்கலாம் என்பதையும் வைத்திருந்தவர் வீட்டு நாகரிகம்தான் முடிவு செய்தது.

விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. பிற்காலத்தில் பட்டுப் பாவாடைகளை வரைந்தே பேர் வாங்கிய ஜெரார்ட் டெர் போர்க், 1650களின் தொடக்கத்தில் தொழுவத்தில் பால் கறக்கும் ஒரு பெண்ணை வரைந்தார். பால்காரி என்றாலே இரட்டை அர்த்தத்தில் சிரித்த காலம் அது. இவர் படத்தில் அப்படி ஒரு சீண்டலும் இல்லை, அவள் குனிந்து தன் வேலையைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அடுத்த முறை ஒரு டச்சுக் குடிசைப் படம் உங்கள் போனுக்கு வந்தால் இதையும் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முக்கியமாக முகங்களை விட்டுவிட்டு, அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.