லார்ட்: படியளக்கிறவர்

கொஞ்சம் மிடுக்காக நடந்துவிட்டால் போதும், ‘பெரிய லார்டு லபக்குதாஸ்’ என்று கிண்டல் செய்வோம். அந்த லார்டு பிறந்தது என்னவோ ரொட்டி வைக்கிற அறையில்தான்.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஹ்லாஃப்வேர்ட்’. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வேர்ட் என்றால் காப்பவர். ‘லேடி’யும் இதே அடுக்களைதான், அதன் மூலச்சொல்லுக்கு ரொட்டி மாவு பிசைபவள் என்று பொருள். வீட்டு வேலையாளுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்றே பெயர் இருந்தது. நம் பேச்சில் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: படியளக்கிறவர். முதலாளியையும் அப்படிச் சொல்வோம், சாமியையும் அப்படிச் சொல்வோம். ஆங்கிலேயரும் கடவுளை லார்ட் என்றுதான் அழைக்கிறார்கள்.

பத்திரிகைத் தமிழில் இது ‘பிரபு’ ஆனது. கர்சன் பிரபு, மவுண்ட்பேட்டன் பிரபு. பிரபு வடசொல், தமிழில் ‘கோமான்’ நன்றாகப் பொருந்தும். ஆனால் எல்லா லார்டும் கோமான் இல்லை, சிக்கலே அங்குதான்.

செசில் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் எலிசபெத்தின் வலக்கையாக இருந்த வில்லியம் செசில் 1571இல் பர்லி பிரபு ஆனார். மறு ஆண்டு ‘லார்ட் ஹை ட்ரெஷரர்’. முன்னது பட்டம், பின்னது உத்தியோகம். பின்னதைத் தலைமைக் கருவூலர் என்றால் போதும், பிரபு வேண்டியதில்லை. அவர் மகன் ராபர்ட் 1603இல் பாரன், 1604இல் வைகவுண்ட், 1605இல் சாலிஸ்பரியின் ஏர்ல் என்று பிரபுப் பட்டங்களில் வருடத்துக்கு ஒரு படி ஏறினார். 1789இல் குடும்பம் ஏர்லுக்கும் மேற்படியான மார்க்வெஸ் ஆனது.

வேடிக்கை சாலிஸ்பரியின் மூன்றாம் மார்க்வெஸிடம் இருக்கிறது. இளைய மகனாகப் பிறந்தவர், அதனால் ‘லார்ட் ராபர்ட் செசில்’. 1865இல் அண்ணன் இறந்ததும் வாரிசாகி ‘லார்ட் கிரான்போர்ன்’. இரண்டுமே மரியாதைக்குக் கூப்பிடும் பெயர்கள். சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன், மக்கள் சபை உறுப்பினர். 1868இல் தகப்பனார் இறந்த பிறகுதான் உண்மையான கோமானாகிப் பிரபுக்கள் சபைக்குப் போனார். முந்தைய நிலையைக் ‘கோமான் வீட்டுப் பிள்ளை’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தப்பில்லை.

பின்னாளில் மூன்று முறை பிரதமரானார். வழக்கமாகப் பிரதமரே வகிக்கும் ‘ஃபர்ஸ்ட் லார்ட் ஆஃப் த ட்ரெஷரி’ பதவியை 1887இல் டபிள்யூ. எச். ஸ்மித்திடம் கொடுத்துவிட்டுத் தான் வெளியுறவைப் பார்த்துக்கொண்டார். ஸ்மித் ரயில் நிலையப் புத்தகக் கடைகளின் முதலாளி, எந்தப் பட்டமும் இல்லாதவர். ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்று மொழிபெயர்த்தால் கடைக்காரர் பிரபு ஆகிவிடுவார்! கருவூல முதல்வர் என்பதே சரி.

இந்தச் சாலிஸ்பரிக்கு நம்மோடும் ஒரு கணக்கு உண்டு. 1874 முதல் 1878 வரை லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் அவர்தான். தாது வருஷப் பஞ்சம் அப்போது வந்ததுதான். 1877இல் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்கக் கல்கத்தாவிலிருந்து மெட்ராஸுக்கு அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு அளந்த படி: ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு) தானியம், ஒரு அணா.