லார்டு என்றால் பிரபுவா, கோமானா, புரவலனா?

இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றைத் தமிழில் படித்தால் மூன்று பேர் வந்து போவார்கள். முதலில் ராபர்ட் செசில் பிரபு, நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையில் காரமாகப் பேசுவார், பத்திரிகைகளில் அதைவிடக் காரமாக எழுதுவார். அடுத்து கிரான்போர்ன் பிரபு, 1866-ல் இந்தியாவுக்கான அமைச்சராகி எட்டே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டுப் போவார். அப்புறம் சாலிஸ்பரி பிரபு, மூன்று முறை பிரதமராவார். படிக்கிறவர் மூன்று தனித்தனி ஆட்கள் என்றுதான் நினைப்பார், அது அவர் தப்பு இல்லை. மூவரும் ஒரே மனிதர்தான்.

ஆளுக்குப் பெயர் மட்டும் மாறியிருந்தால் ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிடலாம். இங்கே பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற 'லார்டு' என்ற சொல்லின் பொருளும் மாறுகிறது. மூன்று இடத்திலும் நாம் 'பிரபு' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் அந்த மாற்றம் தமிழில் தெரியாமலே போகிறது. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். அந்த மனிதரின் வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

அவர் 1830 பிப்ரவரி 3-ஆம் தேதி லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தார். முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சராக இருந்த வில்லியம் செசிலின் வம்சம். தந்தை இரண்டாம் சாலிஸ்பரி மார்க்வெஸ். இங்கிலாந்தின் பிரபுத்துவப் படிநிலையில் டியூக்குக்கு அடுத்த படி மார்க்வெஸ். அதற்குக் கீழே ஏர்ல், வைகவுண்ட், பேரன். பட்டமும் மாளிகையும் அண்ணனுக்குத்தான் போகும், ராபர்ட் இளையவர். ஆனாலும் டியூக், மார்க்வெஸ் வீட்டு இளைய பிள்ளைகள் தங்கள் பெயருக்கு முன்னால் 'லார்டு' போட்டுக்கொள்ளலாம் என்பது அங்கே மரபு. அதனால் அவர் 'லார்டு ராபர்ட் செசில்'. இது வெறும் மரியாதைக்குக் கொடுப்பது. சட்டத்தின் கண்ணில் அவர் சாமானியர்தான், ஆகவேதான் 1853-ல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினராகக் காமன்ஸ் சபைக்குள் போக முடிந்தது. இந்த மரியாதைப் பட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: அது ஆளின் முதற்பெயரோடுதான் ஒட்டும். 'லார்டு ராபர்ட்' என்று கூப்பிடலாம், 'லார்டு செசில்' என்று கூப்பிடக்கூடாது. வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை லார்டு ராண்டால்ஃப் சர்ச்சிலுக்கும் இதே கதைதான், அவரை 'சர்ச்சில் பிரபு' என்று எழுதுவது பிழை.

இந்தக் குழப்பத்தில் இன்னொரு முடிச்சு. இவருடைய மூன்றாவது மகனுக்கும் ராபர்ட் என்றே பெயர், அவரும் முதலில் 'லார்டு ராபர்ட் செசில்'தான். நாடுகளின் கூட்டணியான சர்வதேச சங்கத்துக்காக உழைத்து 1937-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர் அந்த மகன். அவருக்கு 1923-ல் தனியாக வைகவுண்ட் பட்டம் கிடைத்தது, ஆகவே 'செசில் பிரபு' என்று யாரையாவது எழுதுவதாக இருந்தால் மகனைத்தான் எழுத வேண்டும், அப்பாவை அல்ல.

அப்பாவின் இளமை, மாளிகையில் பிறந்தவன் என்று நாம் நினைக்கிற மாதிரி சொகுசாக இல்லை. ஈட்டன் பள்ளியில் மற்ற பையன்கள் அடித்து உதைத்ததில், 15 வயதில் தந்தையே அங்கிருந்து எடுத்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது உடம்பு கெட்டது, தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நீண்ட கடற்பயணம் போய்வந்தார். 1857-ல் ஒரு நீதிபதியின் மகளான ஜார்ஜினா ஆல்டர்சனைத் திருமணம் செய்தார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை, கல்யாணத்துக்கே வரவில்லை. கையில் பணம் போதவில்லை, பத்திரிகைகளுக்கு எழுதித்தான் குடும்பத்தை ஓட்டினார். பெயருக்கு முன்னால் லார்டு, மாதக் கடைசியில் எழுத்துக் கூலி.

1865-ல் அண்ணன் இறந்தார். இவர் வாரிசானார். தந்தையின் துணைப் பட்டங்களில் ஒன்றை வாரிசு புழங்கலாம் என்ற மரபுப்படி 'வைகவுண்ட் கிரான்போர்ன்' ஆனார். இதுவும் மரியாதைதான், இன்னும் காமன்ஸ் சபையில்தான் உட்கார்ந்திருந்தார். 1866 ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சர் பதவி, 1867 மார்ச்சில் வாக்குரிமையை விரிவாக்கும் சட்டம் பிடிக்காமல் ராஜினாமா. 1868 ஏப்ரலில் தந்தை காலமானபோதுதான் அவர் உண்மையிலேயே, சட்டப்படி, ஒரு லார்டு ஆனார்: மூன்றாம் சாலிஸ்பரி மார்க்வெஸ். அந்தக் கணமே காமன்ஸ் சபை உறுப்பினர் பதவி போய்விட்டது, லார்டுகள் உட்காரும் மேலவையான 'ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸு'க்குப் போயாக வேண்டும். பட்டம் வேண்டாம் என்று துறக்க வழி கிடையாது. அதற்கான சட்டம் 1963-ல்தான் வந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1874-ல் மறுபடி இந்தியாவுக்கான அமைச்சர், 1878-ல் வெளியுறவு அமைச்சர், 1885-க்கும் 1902-க்கும் இடையே மூன்று முறை பிரதமர், மொத்தம் 13 ஆண்டுகளுக்கு மேல். பெரும்பாலான காலம் வெளியுறவையும் தானே வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஆரம்பக் கல்வி 1891-ல் இலவசமானது இவருடைய ஆட்சியில்தான். பதவிக்காலம் முழுவதும் மேலவையில் இருந்துகொண்டே ஆட்சி நடத்திய கடைசிப் பிரதமரும் இவர்தான். விக்டோரியா அரசி டியூக் பட்டம் தருவதாகச் சொன்னபோது, அதற்கேற்ற செலவு தன்னால் தாங்காது என்று மறுத்துவிட்டார். ஜிம்பாப்வேயின் ஹராரே நகருக்கு 1982 வரை இவர் பெயர்தான். 1903 ஆகஸ்ட் 22-ல் பிறந்த மாளிகையிலேயே இறந்தார்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

'லார்டு' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வெயர்டு' என்ற கூட்டுச்சொல். 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. 'வெயர்டு' என்றால் காப்பவன். ரொட்டியைக் காப்பவன், அதாவது ஒரு வீட்டில் எல்லாருக்கும் சோறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற தலைவன். சொல் தேய்ந்து 'ஹ்லாஃபோர்டு', அப்புறம் 'லவர்ட்', கடைசியில் 'லார்டு' என்று ஒடுங்கியது. 'லேடி'யும் அதே அடுப்படியிலிருந்து வந்ததுதான்: 'ஹ்லாஃப்டிகே', ரொட்டி மாவு பிசைபவள். அந்த வீட்டை அண்டிப் பிழைக்கிறவனுக்கு 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி உண்பவன், என்று பெயர். செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. யார் சோறு போடுகிறார்களோ அவரே தலைவர்.

இந்த மூலப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சாலிஸ்பரியின் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 1866-ல் அவர் பொறுப்பேற்றபோது ஒரிசாவில் பஞ்சம். எச்சரிக்கை மேசைக்கு வந்திருந்தது, இரண்டு மாதம் அவர் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் பருவமழை ஒரிசாவின் துறைமுகங்களை அடைத்துவிட்டது, உதவி போய்ச்சேர வழியில்லை. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தப் பழியிலிருந்து தான் முழுதாக விடுபட்டதாக ஒருபோதும் உணர்ந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை மனதாரச் சொன்னார் என்றே நம்புகிறேன்.

ஆனால் பத்தாண்டு கழித்து, நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச்சொல்லி நடுங்கிய அந்தப் பஞ்சம் 1876-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கியபோதும் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது உயிர்பிழைக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். தானியம் கப்பலேறி வெளியே போவது அப்போதும் நிற்கவில்லை. தென்னிந்தியா முழுவதும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணிப்பு. சென்னை நகரில் ஓடுகிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது, அதற்குப் பெயர் கொடுத்த ஆளுநரும் ஒரு டியூக்.

1875-ல் சாலிஸ்பரி எழுதிய குறிப்பு ஒன்றைத் தாதாபாய் நௌரோஜி விடாமல் எடுத்துக்காட்டுவார். இந்தியாவின் இரத்தத்தை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதால், இரத்தம் தேங்கிய இடத்திலோ போதிய அளவு இருக்கிற இடத்திலோ கத்தியை வைக்க வேண்டும், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் அல்ல என்பது அதன் சாரம். ஏழை விவசாயியை மேலும் பிழியாதே என்பதுதான் அவர் சொல்ல வந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லையே. ரொட்டியைக் காப்பவன் என்ற பொருளில் பிறந்த ஒரு சொல் இப்படி ஒரு கையெழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

தமிழில் இதற்கு எதைச் சொல்வது? 'பிரபு' வடசொல், 'முன்னிற்பவன், மிகுந்தவன்' என்ற பொருளடி கொண்டது. சோறும் இல்லை, காவலும் இல்லை, மேன்மை மட்டும் இருக்கிறது. 'துரை' தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் புழங்குகிற சொல், ஆனால் நம் ஊரில் அது கலெக்டர் முதல் தோட்ட முதலாளி வரை எல்லா வெள்ளைக்காரருக்கும் போய்விட்டது. கடவுளைக் குறிக்கிற லார்டுக்கு ஆண்டவர், கர்த்தர் என்று கிறித்தவத் தமிழ் எப்போதோ தீர்வு கண்டுவிட்டது. நிலம் வைத்திருக்கிற லார்டு நிலக்கிழார். கிழான் என்றால் உரியவன், அருமையான சொல்.

மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் 'புரவலன்'தான். புரத்தல் என்றால் காத்தல். காப்பவன் புரவலன், கேட்டு வருகிறவன் இரவலன். புறநானூற்றின் 162-ஆம் பாட்டில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. இளவெளிமான் என்ற தலைவன் சரியாகக் கொடுக்காமல் அனுப்பிவிட, புலவர் பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனிடம் யானையைப் பரிசாக வாங்கிவந்து அதை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டு, "இரவலர் புரவலை நீயும் அல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். நீ புரவலன் இல்லை! நாடு இருக்கிறது, காவல்மரம் இருக்கிறது, கொடுக்கவில்லை, ஆகவே அந்தப் பெயர் இல்லை. இன்றும் ஊர் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறவரைத்தான் புரவலர் என்கிறோம். கொடுத்தால் மட்டும் வருகிற பெயரைப் பிறப்பால் வருகிற பட்டத்துக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதுவும் தாது வருஷத்தை நினைத்தால் சுத்தமாக வரவில்லை.

எனவே பட்டத்துக்கு என் தேர்வு 'கோமான்'. கோமகன் என்பது தேய்ந்து கோமான் ஆனது, பெருமகன் பெருமான் ஆன மாதிரி, ஹ்லாஃப்வெயர்டு லார்டு ஆன மாதிரி. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பழந்தமிழில் கோமகன், கோமான் இரண்டும் ஒன்றுதான், அங்கே மகன் என்றால் ஆள். ஆனால் இன்றைய காதுக்குக் கோமகன் என்றால் கோமானின் பிள்ளை என்றுதான் கேட்கிறது. அதையே பயன்படுத்திக்கொள்ளலாமே? சட்டப்படி பட்டம் உள்ளவர் கோமான், அப்பாவின் பட்டத்தால் மரியாதைக்கு லார்டு போட்டுக்கொள்கிறவர் கோமகன். அப்படியென்றால் அவர் 1865 வரை கோமகன் ராபர்ட் செசில், 1868 வரை கோமகன் கிரான்போர்ன், அதன்பின் சாவு வரை சாலிஸ்பரிக் கோமான். ராண்டால்ஃப் சர்ச்சில் கடைசிவரை கோமகன்தான். 'ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ்' கோமான்கள் அவை.

'லேடி'க்குப் பெருமாட்டி பொருந்தும், ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். கல்யாணமான புதிதில் ஜார்ஜினாவை ஆங்கிலத்தில் 'லேடி ராபர்ட் செசில்' என்றுதான் அழைத்தார்கள், கணவரின் முதற்பெயரோடு. 'லேடி ஜார்ஜினா' என்பது தப்பு, ஏனென்றால் அவர் பிறந்தது கோமான் வீட்டில் இல்லை. தமிழில் ராபர்ட் பெருமாட்டி என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அங்கே பட்டத்தை விட்டுவிட்டு, கோமகன் ராபர்ட் செசிலின் மனைவி ஜார்ஜினா என்று எழுதிவிடுங்கள். 1868-க்கு அப்புறம் வருகிற பக்கங்களில் அவர் சாலிஸ்பரிப் பெருமாட்டி.