பக்கவாதம் வந்ததும் டெக்ஸா ஊசி எதற்கு?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவரின் சீட்டில் 'டெக்ஸா 8 மி.கி.' என்றும், அதன் கீழே குளுக்கோஸ் பாட்டில் ஒன்றும் எழுதியிருந்தது. காலை ஆறு மணிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. டிரிப் ஏறி முடியட்டும் என்று காத்திருந்து மதுரைக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. ஏற்கெனவே சர்க்கரை நோயாளி; விரலில் குத்திப் பார்த்தால் 386.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான். மூளையில் புற்றுக்கட்டி இருந்தால் சுற்றியுள்ள வீக்கத்தை வற்ற வைக்கும். காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலில் உயிரையே காப்பாற்றும். அதனால் பக்கவாதத்துக்கும் கேட்கும் என்று ஒரு காலத்தில் பரவலாகக் கொடுத்தார்கள். ஆனால் இது வேறு வகை வீக்கம். புற்றுக்கட்டியில் ரத்தக்குழாய் கசிந்து நீர் கோக்கிறது, ஸ்டீராய்டு அந்தக் கசிவைக் குறைக்கிறது. குழாய் அடைத்து வரும் பக்கவாதத்திலோ, ரத்தம் கிடைக்காத செல்களே முதலில் ஊதிச் சாகின்றன. அங்கே ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. ரத்தக்கசிவுப் பக்கவாதத்திலும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். தாய்லாந்தில் நடந்து 1987-இல் வெளியான ஆய்வில் டெக்ஸாவால் இறப்பு குறையவில்லை. தொற்றும் சர்க்கரைக் கோளாறும்தான் கூடின. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

"மூளை வீக்கத்துக்கு ஊசி போடலையா சார்?" என்று வீட்டார் பதறிக் கேட்கும்போது மறுப்பது எந்த டாக்டருக்கும் கஷ்டம்தான். வீக்கம் முற்றினால் மூளையில் கோத்த நீரை வற்ற வைக்கும் மானிடால் என்ற மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் மண்டையோட்டைத் திறந்து அழுத்தம் குறைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ரத்தக்குழாய் அழற்சி போன்ற சில அரிய காரணங்களுக்கு மட்டும், அது உறுதியான பிறகு, ஸ்டீராய்டு தருவோம்.

எனக்கு அதிகம் வலிப்பது போன நேரம்தான். அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தப் பெரியவர் நேராக 108-இல் ஏறியிருந்தால் அந்த நேரத்துக்குள் வந்திருப்பார்.

வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஊசிக்காக எங்கும் நிற்காதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்லத் தெரிந்தவர் கூட வரட்டும். அப்புறம், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.