எதை எறிகிறீர்கள், எதை மாட்டுகிறீர்கள்?

எங்கள் பட்டறைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தால் நான் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. கூடவே வரும் அட்டைப்பெட்டியைத் திறப்பேன். அநேகமாக எல்லா உரிமையாளரும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். கழற்றிய போல்ட்டுகள், கண்ணாடி உடைந்த மீட்டர், முனை சுருண்ட பழைய ஸ்டிக்கர் என்று ஏதாவது கிடக்கும். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் பார்ப்பேன். அம்பத்தூரில் லேத் பழகி, பிறகு இங்கிலாந்தில் பழைய கார்களைப் பந்தயத்துக்குச் சீரமைக்கும் இந்தத் தொழிலுக்குள் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வைத்துக்கொள்ள வேண்டியதை எறிந்துவிட்டு, எறிய வேண்டியதைப் பளபளவென்று துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் ஆட்களை இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சென்ற ஆண்டு வந்த 1964 எம்ஜிபி, எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார், அப்படித்தான் வந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், நல்ல மனிதர். அந்தக் காலத்துப் பந்தயத்தில் ஓடியது போலவே அதை ஆக்கித் தர வேண்டும் என்றார். கார் வாங்கும்போது அதில் இருந்த இத்தாலியத் தயாரிப்பு வெபர் கார்புரேட்டரை அவர் ஏற்கெனவே விற்றிருந்தார், அழுக்காக இருந்ததாம். போலோன்யா என்று ஊர்ப் பெயர் பொறித்த பழைய வெபருக்கு இன்று ஆட்கள் அலைகிறார்கள். ஆனால் அறுபது வயதுக் கம்பிச் சக்கரங்கள் நான்கையும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில்கள் இரண்டையும் ‘ஒரிஜினல்’ என்பதற்காகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

எம்ஜிபி 1962-இல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த கார். 1798 சிசி எஞ்சின், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். மறு ஆண்டே பிரான்ஸில் நடக்கும் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒன்று இறங்கியது. ஓட்டியவர்கள் பேடி ஹாப்கிர்க், ஆலன் ஹட்சிசன். தொடக்கத்திலேயே ஹட்சிசன் காரை மணலில் இறக்கிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி வெளியே எடுத்தும் 12-ஆவது இடத்தில் முடித்தார்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். கதையில் தவறில்லை. ஆனால் ‘அந்தக் காலத்துப் பந்தயக் கார்’ என்று சொன்னால் எந்தக் காலம் என்று நான் கேட்பேன். அதற்கு ஆண்டைச் சொல்ல வேண்டும்.

பழைய கார்ப் பந்தயங்களுக்கான விதிகளை எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு ‘பின்னிணைப்பு கே’ என்ற பெயரில் வைத்திருக்கிறது. அதன்படி 1962 முதல் 1965 வரை ஒரு காலப்பகுதி, 1966 முதல் 1969 வரை அடுத்தது. முன்னதில் பதிந்தால் பின்னதில் வந்த பொருளை மாட்ட முடியாது. ஒரு பாகம் பழையதாகத் தெரிந்தால் போதாது. அந்த மாடலில், அந்த ஆண்டுகளில், சர்வதேசப் பந்தயத்தில் அது இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். எம்ஜிபி எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங் தாங்கிய எஞ்சின் முதலில் வந்தது. 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தது. பின்னது உறுதியானது, முதல் காலப்பகுதிக்குள்ளும் அடங்கும். ஆனால் 1963 லு மான்ஸ் காரை அப்படியே வேண்டும் என்பவர் அதைத் தொடக்கூடாது. இதை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

விதிப்படி கட்டிய காருக்கு எஃப்ஐஏவின் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு கிடைக்கும், பத்து ஆண்டுக்கு. அதைக் காட்டி ‘வரலாற்றுப் புகழ் பெற்ற கார்’ என்று யாராவது விற்க வந்தால் ஒதுங்கிவிடுங்கள். காரின் அமைப்பு விதிப்படி இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. அந்தக் கார் எங்கே ஓடியது, யார் ஓட்டினார்கள் என்பதற்கு அது சாட்சி இல்லை. எம்ஜி காருக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: காரைக் கட்டிய நாள், முதல் நிறம், எஞ்சின் எண், அனுப்பிய ஊர். நான் வேலையை ஒப்புக்கொள்ளுமுன் அதை வாங்கி வரச் சொல்வேன்.

கார் தன்னிடமே சில ஆதாரங்களை வைத்திருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காரின் டேஷ்போர்டில் நான்கு சிறு துளைகள் இருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, கண்ணாடி போல் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். முதலாளியும் பாராட்டினார். இரண்டு ஆண்டு கழித்து உரிமையாளருக்கு ஒரு பழைய ராலி புகைப்படம் கிடைத்தது. படத்தில் பதிவெண் தெரியவில்லை; ஆனால் டேஷ்போர்டில் இரட்டை ஸ்டாப்வாட்ச் மாட்டிய பலகை தெளிவாகத் தெரிந்தது, நான்கு திருகாணிகளோடு. அது இவருடைய கார்தான் என்று சொல்ல மிஞ்சியிருந்த ஒரே அடையாளத்தை நானே அடைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எது அசல் என்று தேடும் இந்தப் பித்துக்கு ஓர் உச்சமும் உண்டு. 1929, 1930 இரண்டு ஆண்டும் லு மான்ஸில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை வாங்க ஒரு கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டவர்கள், பிறகு அது அசல் கார் இல்லை என்று மறுத்தார்கள். வழக்கு 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வென்றபோது இருந்த பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆனாலும் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போய் மறுபடி உருவாகவில்லை, தொடர்ந்து ஓடியும் மாறியும் வந்திருக்கிறது என்று பார்த்து அது அசல்தான் என்றது தீர்ப்பு. அந்தத் தொடர்ச்சியைக் காட்ட உதவுவது பழைய பில், புகைப்படம், கழற்றிய பாகம். பெட்டியை நான் முதலில் திறப்பது இதனால்தான்.

பல் மருத்துவரின் காருக்கு வருகிறேன். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தண்டுதான் அதன் முதுகெலும்பு. மூன்று அடுக்குத் தகடு. துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் காரில் அதைத்தான் செய்திருந்தார்கள். யாரோ ஒருவர் கதவு வாசலுக்குக் குறுக்கே தாங்குகம்பி வைக்காமலே பழைய சில்லை அறுத்து எடுத்திருக்கிறார். கார் நடுவில் தொய்ந்து, கதவின் பின் இடைவெளி மேலே தீக்குச்சி கூட நுழையாமலும், கீழே என் சுண்டு விரல் நுழையுமளவும் இருந்தது. இப்படி வளைந்த உடலுக்குள் பாதுகாப்புக் கம்பிக்கூண்டைப் பற்றவைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும். தாங்குகம்பி வைத்து, ஒரு பக்கம் முடித்து அளந்து, பிறகே மறுபக்கம் அறுத்தோம். ஐந்து வாரம் போனது. எஞ்சினுக்கு அதில் பாதி கூட ஆகவில்லை.

பிறகு அந்த ஸ்டப் ஆக்சில்கள். பெயின்டைச் சுரண்டி, காந்தமேற்றி, ஒளிரும் மையை ஊற்றி, விளக்குகளை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடித்தோம். பக்கத்தில் உரிமையாளரும் நின்றார். சக்கரம் ஏறும் முளை அதன் தடித்த அடிப்பகுதியோடு சேரும் வளைவில், தலைமுடியைவிட மெல்லிய பச்சைக் கோடு, சுற்றளவில் கால் பங்குக்கு ஓடியது. “இது கீறலா?” என்று கேட்டார். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அந்தக் கோட்டில்தான் அடுத்த வேகத் திருப்பத்தில் சக்கரம் கழன்று தனியே போயிருக்கும். இரும்புக்கு நினைவு உண்டு. வாங்கிய ஒவ்வொரு இழுப்பும் அதில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டப் ஆக்சில், ஸ்டியரிங் கை, சக்கரக் கம்பிகள், கனெக்டிங் ராடு போல்ட்டு, பிரேக் குழாய் ஆகியவற்றில் பழமை பார்க்காதீர்கள். வடிவம் அந்தக் காலத்தது, உலோகம் இந்தக் காலத்தது என்று வாங்குங்கள். இருக்கைப் பட்டைக்கும் பெட்ரோல் டேங்குக்குள் வைக்கும் ரப்பர் பைக்கும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

சில்லறையாகத் தோன்றும் சில விஷயங்கள் உண்டு. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் ஊதுவது நம் ஊர்ப் பட்டறைகளில் நான் செய்த வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இன்றைய எஞ்சின் எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு, பழைய கேம் ஷாஃப்ட் அதில் சீக்கிரம் தேயும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைக் கரைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் அழைத்தார். தாத்தாவின் காரைப் பந்தய அமைப்புக்கு மாற்ற வேண்டும், பழங்கால வண்டிகளுக்கு இந்தியாவில் தரும் ‘விஏ’ பதிவெண்ணும் வேண்டும் என்றார். ஐம்பது வயது கடந்த வண்டிக்கு அந்தப் பதிவைத் தரும் 2021 மோட்டார் வாகன விதித் திருத்தத்தில், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. “அப்படியென்றால் இரண்டில் ஒன்றுதானா, அண்ணா?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கழற்றாமலே முந்நூறு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். புத்திசாலி.

எம்ஜிபி சித்திரையில் தயாரானது. புதிய ஸ்டப் ஆக்சில், புதிய கம்பிச் சக்கரம், டன்லப் இன்றும் அந்தக் காலத்து வடிவிலேயே செய்யும் பந்தய டயர். கழற்றிய அனைத்தையும் சீட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன், துருப்பிடித்த சில் துண்டு உட்பட. கீறல் விழுந்த ஸ்டப் ஆக்சிலையும் நினைவாக வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன், வாளில் வைத்து இரண்டாக அறுத்த பிறகு.